கிராஞ்சிக் கல்லில் உங்கள் தாத்தாவைத் தேடுவது எப்படி

இரண்டாம் உலகப் போரில், ஜப்பான்காரன் காலத்தில் பட்டாளத்துக்குப் போய் வீடு திரும்பாத ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால் இதை எழுதுவது உங்களுக்காகத்தான். தாத்தாவோ, பூட்டனோ, ஆயாவின் தம்பியோ, தேடும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். நான் குடியாத்தம் பக்கத்து ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டுச் சிங்கப்பூரின் ஈசூனுக்கு வந்தவள். மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். என் அம்மாவைப் பெற்ற தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் பட்டாளத்தில் சேர்ந்து மலாயாவுக்குக் கப்பலேறியவர். அவர் பெயர் இங்கே சிங்கப்பூரில், கிராஞ்சி போர் நினைவிடத்தில் இருக்கிறது. என் வீட்டிலிருந்து அதே ரயில் பாதையில் சில நிறுத்தங்கள் தள்ளி. ஊரில் யாருக்கும் அது தெரியாது. அதன்பிறகு, இதே தேடலில் இருக்கும் மற்ற குடும்பங்களுக்கும் கூடமாட உதவி வருகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எலும்பு கிடைக்கும், ஊருக்கு எடுத்துப் போகலாம் என்ற எண்ணத்தோடு தொடங்காதீர்கள். இமயமலையில் பனி உடலைக் காப்பாற்றி வைக்கும். 1968இல் ரோத்தாங் கணவாய்ப் பக்கம் விழுந்த இந்திய விமானப் படை விமானத்திலிருந்து 2024இல்கூட நான்கு பேரின் உடல்களை மீட்டார்கள். மலாயாவின் ஈர மண் அப்படி எதையும் விட்டு வைப்பதில்லை. பிரிட்டிஷ் ராணுவ முறையில் கழுத்தில் கட்டிய அடையாள வில்லைகள் உலோகமல்ல, அழுத்திய நாரால் ஆனவை. சிவப்பு வட்ட வில்லையைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டு பச்சை எண்கோண வில்லையை உடலோடு விடுவார்கள். மண்ணில் அது மக்கிவிட்டால் எலும்பு கிடைத்தாலும் யாருடையது என்று சொல்ல வழியில்லாமல் போகும். கிராஞ்சிக் கல்லறைகளில் 850க்கும் மேற்பட்டவை பெயரில்லாதவை என்பதற்கு இப்படிப்பட்ட காரணங்கள்தான். ஆனால் அவர் பெயர், அப்பா பெயர், ஊர், படைப்பிரிவு, கடைசியாக இருந்த இடம், இவற்றை மீட்க முடியும். அவை சரியான எழுத்தில் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து உறுதிசெய்வதையே அவருக்குச் செய்யும் முதல் கடமையாக நான் நினைக்கிறேன். சடங்கு அதற்கடுத்து.

வீட்டிலிருந்து தொடங்குங்கள்

இணையத்தைத் திறக்குமுன் டிரங்குப் பெட்டியைத் திறங்கள். மணியார்டர் துண்டு, பட்டாள முத்திரை போட்ட அஞ்சலட்டை, ‘காணவில்லை’ என்று வந்த தந்தி, குடும்ப ஓய்வூதிய உத்தரவு, இவற்றில் ஏதாவது ஒன்றில் அவருடைய பட்டாள எண் இருக்கும். அந்த எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரே ஊரில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கலாம், எண் ஒருவருக்குத்தான். புகைப்படம் இருந்தால் தொப்பிச் சின்னத்தையும் தோள்பட்டை எழுத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். 2016இல் பிரான்சில் ரிஷ்பூர் என்ற ஊருக்குப் பக்கத்தில் கிடைத்த முதல் உலகப் போர் எலும்புகளை, தோளில் இருந்த 39 என்ற எண்ணை வைத்தே 39ஆம் கார்வால் ரைபிள்ஸ் என்ற இந்தியப் படைப்பிரிவு வீரர்களுடையவை என்று அறிந்தார்கள். நூறு ஆண்டு கழித்து அவ்வளவு சின்ன உலோகத் துண்டு பேசியது.

பெரியவர்களிடம் கேட்கும்போது ‘அவர் எப்போது இறந்தார்’ என்று கேட்காதீர்கள். ‘கடைசிக் கடிதம் எங்கிருந்து வந்தது, அப்போது வீட்டில் யார் கைக்குழந்தை’ என்று கேளுங்கள். தேதி மறந்திருக்கும், எந்தக் குழந்தை தவழ்ந்தது என்பது மறந்திருக்காது. அதிலிருந்து வருடத்தைக் கணக்கிடலாம். என் அம்மா தவழும்போது வந்த கடிதம்தான் தாத்தாவின் கடைசிக் கடிதம்.

இதோடு இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: எந்தப் படை? நம்மவர்கள் மூன்று நான்கு வழிகளில் போனார்கள். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தோடு இந்தியாவிலிருந்து வந்தவர்கள் உண்டு. இங்கேயே தொண்டூழியப் படைகளில் சேர்ந்தவர்கள் உண்டு. 1943க்குப் பிறகு தோட்டங்களிலிருந்து நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்கள் ஏராளம். ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துப் போகப்பட்ட தோட்டத் தொழிலாளர்களைக்கூடச் சில குடும்பங்களில் ‘பட்டாளத்துக்குப் போனார்’ என்றுதான் சொல்லி வந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆவணம் வேறு இடத்தில். ஒருவரே இரண்டிலும் இருக்கலாம். 1942 பிப்ரவரி 17 அன்று ஃபேரர் பார்க் திடலில் சுமார் 45,000 இந்தியப் போர்க்கைதிகளை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அவர்களில் பலர் தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேர மறுத்தவர்களில் பலர் நியூகினி, நியூபிரிட்டன் தீவுகளுக்குக் கப்பலில் அனுப்பப்பட்டு அங்கே பட்டினியிலும் நோயிலும் மடிந்தார்கள். இதை எந்தக் குடும்பமும் வெட்கமாகவோ பெருமைச் சண்டையாகவோ எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சேர்ந்தவரும் நம்மவர், சேராதவரும் நம்மவர்.

பெயரை வெள்ளைக்காரன் எழுதியபடி தேடுங்கள்

பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தவர் என்றால் தேட வேண்டிய முதல் இடம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத்தளம். 1917இல் தொடங்கிய இந்த ஆணையம் இரு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் விவரங்களை வைத்திருக்கிறது. தேட இலவசம்.

பலர் இங்கேதான் சோர்ந்து விடுகிறார்கள். நம் பெயர்களை அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். முனுசாமி என்பவர் முனிஸ்வாமி, மூனூசாவ்மி என்று எப்படியும் இருக்கலாம். ஒரே பெயர் உள்ளவருக்கு அதையே குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டிருப்பார்கள். சிலருக்கு அப்பா பெயர் அங்கே போயிருக்கும். ஊர்ப் பெயர்களும் அப்படித்தான்: தஞ்சாவூர் ‘டாஞ்சூர்’, திருநெல்வேலி ‘டின்னவெல்லி’, திருச்சிராப்பள்ளி ‘டிரிச்சினோபொலி’, இராமநாதபுரம் ‘ராம்நாட்’, எங்கள் பக்கம் ‘நார்த் ஆர்காட்’. 

என் அனுபவத்தில் பலன் தருவது இதுதான்: பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். படை என்ற இடத்தில் இந்திய ராணுவம், நினைவிடம் என்ற இடத்தில் சிங்கப்பூர் நினைவிடம் (கிராஞ்சியில் இருப்பதுதான்), தெரிந்தால் படைப்பிரிவு, இவற்றை மட்டும் கொடுத்து வரும் பட்டியல் முழுவதையும் உட்கார்ந்து படியுங்கள். கூடுதல் தகவல் என்ற வரியில் ‘இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இந்த ஊர், இந்த ஜில்லா’ என்று பலருக்கு இருக்கும். என் தாத்தாவின் பெயரை நான் அடையாளம் கண்டது அந்த வரியில் ஆயாவின் பெயரைப் பார்த்துத்தான். பதவியைப் பார்த்துத் தள்ளிவிடாதீர்கள். சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், துப்புரவுப் பணியாளர் என்று பதிவானவர்களும் பட்டாள எண் பெற்றுப் போர்க்களத்தில் செத்தவர்கள். அவர்களுடைய பெயர்களும் அங்கே உண்டு. சிங்கப்பூர் நினைவிடத்தில் கிடைக்காவிட்டால் தைப்பிங், லாய், ரபவுல் கல்லறைகளையும் பாருங்கள். பின்னிரண்டும் பாப்புவா நியூகினியில் உள்ளவை, போர்க்கைதிகளாகக் கொண்டு போகப்பட்ட இந்தியர்கள் அங்கே இருக்கிறார்கள்.

கண்டுபிடித்தவுடன் நினைவிடத்தின் பெயர், தூண் எண், பட்டாள எண், மூன்றையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தின் கீழே பழைய பதிவுப் படிவங்களின் நகல்கள் இருந்தால் அவற்றையும் இறக்கி வையுங்கள். உடல் வேறிடத்திலிருந்து தோண்டி எடுத்து வரப்பட்டதா என்பது அவற்றில்தான் தெரியும். 1946இல் சாங்கி, புவன விஸ்தா கைதி முகாம்களின் கல்லறைகளையும் தீவின் பல மூலைகளில் இருந்தவற்றையும் கிராஞ்சிக்கு மாற்றினார்கள். சைகோனிலிருந்துகூடக் கொண்டு வந்தார்கள்.

கிராஞ்சியில்

கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து உட்லண்ட்ஸ் சாலை வழியே நடந்து போகலாம். வயதானவர்களை டாக்சியில் அழைத்துப் போங்கள், உள்ளே மேடு ஏற வேண்டும். வெயில் ஏறுமுன் போவது நல்லது, சாய்ந்த வெளிச்சத்தில் எழுத்து தெளிவாகத் தெரியும்.

சரிவில் வரிசையாக இருப்பவை கல்லறைகள், 4,400க்கும் மேல். உச்சியில் விமான வால்போல் நிமிர்ந்து நிற்பது சிங்கப்பூர் நினைவிடம். 1957 மார்ச் 2 அன்று திறந்தது. அதன் சுவர்த் தூண்களில் கல்லறை இல்லாத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். ஆணையத்தின் இணையத்தளத்தில் ‘தூண் எண்’ என்று கொடுத்திருப்பது இந்தச் சுவர்களில் உள்ள பெயர்ப் பலகைகளின் வரிசை எண். பலகையில் முதலில் படைப்பிரிவு, அதற்குள் பதவி, அதற்குள் ஆங்கில அகர வரிசை. போரின் போக்கு இவர்களுக்கு வழக்கமான இறுதிச் சடங்குகளை மறுத்துவிட்டது என்று அங்கே பொறித்திருக்கிறார்கள். உடன் வருபவர்களுக்கு அந்த வரியைத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். ஆங்கிலம் தெரியாத என் அம்மாவுக்குப் புரிய வேண்டியது எல்லாம் அந்த ஒரு வரியில் இருந்தது.

பெரும்பாலோர் பார்க்காமல் வந்துவிடுகிற இன்னொரு இடம் அங்கேயே உண்டு: சிங்கப்பூர் தகன நினைவிடம். மத வழக்கப்படி எரியூட்டப்பட்ட ஏறக்குறைய 800 பேரின் பெயர்கள் அதில். பெரும்பாலோர் இந்தியப் படையினர். நினைவிடத் தூணில் இல்லையென்றால் இங்கே பாருங்கள்.

கல்லில் சந்தனம், குங்குமம், எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். பாசத்தில்தான் செய்கிறோம், ஆனால் கறை பக்கத்துப் பெயர்களுக்கும் பரவும். எழுத்தில் சுண்ணக்கட்டி தேய்ப்பதும் கூடாது. உதிரிப் பூவைத் தூணின் அடியில் வைக்கலாம். பிளாஸ்டிக் உறையைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். கற்பூரம், அகல் ஏற்ற வேண்டுமென்றால் பணியாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். படம் எடுக்கும்போது அந்தப் பெயர் மட்டும் ஒன்று, பலகை முழுவதும் ஒன்று, தூண் எண்ணோடு ஒன்று எடுங்கள். ஊரில் இருப்பவர்கள் முதலில் கேட்பது ‘பக்கத்தில் யார் யார்’ என்றுதான்.

தேசிய ராணுவத்தில் போனவர் என்றால்

போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் அவர்களைத் தேடிப் பயனில்லை, அவர்கள் பிரிட்டனை எதிர்த்துப் போரிட்டவர்கள். 1944இல் இம்பால் பக்கம் போய்த் திரும்பி நடக்கையில் விழுந்தவர்களுக்குக் கல்லும் இல்லை, கணக்கும் இல்லை. புதுடில்லியில் உள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் தேசிய ராணுவக் கோப்புகள் இருக்கின்றன. அதன் இணையத்தளத்தில் பட்டியலைத் தேடலாம். இன்னொரு நல்ல வழி தியாகி பென்ஷன். விதவையோ உடன் போன தோழரோ ஊரில் விண்ணப்பித்திருந்தால், அந்தத் தாள்களில் சக வீரர்களின் சாட்சியம் இணைந்திருக்கும்.

சிங்கப்பூரிலேயே செய்யக்கூடியதும் நிறைய. தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்த் தொகுப்பில் பழைய தமிழ் முரசு ஏடுகளைப் படிக்கலாம். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவில் ஜப்பானியர் காலம் பற்றி நம்மவர்கள் கொடுத்த ஒலிப்பதிவுகள் உண்டு. உங்கள் தாத்தா பெயர் அவற்றில் வராமல் போகலாம், அவர் இருந்த முகாமின் பெயர் வரும். அதுவே அடுத்த படி.

நேதாஜி 1945 ஜூலை 8 அன்று சிங்கப்பூரின் எஸ்பிளனேடில் இந்த வீரர்களுக்காக நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் இடித்துத் தள்ளினார்கள். 1995இல் அதே இடத்தில் அடையாளக் கல் ஒன்று நிறுவப்பட்டது. கிராஞ்சியில் இடமில்லாதவர்களுக்குப் பூ வைக்க இந்தத் தீவில் அந்த ஒரு கல் இருக்கிறது. நம் முன்னோர் போரில் விழுந்தவனுக்கு நடுகல் நட்டுப் பெயர் எழுதி மயிற்பீலி சூட்டினார்கள். அந்த வழக்கம் உள்ள இனம் இந்தக் கல்லைத் தாண்டிப் போகக் கூடாது என்பது என் ஆதங்கம்.

எலும்போ பழைய பொருளோ கண்ணில் பட்டால்

தொடாதீர்கள், தோண்டாதீர்கள். காட்டு நடையில் இருக்கும்போதோ கட்டுமானத் தளத்திலோ மனித எலும்பு போலத் தெரிந்தால் போலீசாரை 999இல் அழையுங்கள். மரண விசாரணைக்கு உரியதா என்று முடிவு செய்ய வேண்டியது அவர்கள். எலும்பு கிடந்த நிலை, பக்கத்தில் கிடந்த பொத்தான், கொக்கி, காலணி ஆணி, இவைதான் அடையாளம் காட்டும். ஒன்றை எடுத்து நகர்த்தினாலும் அந்தச் சாட்சி கலைந்துவிடும். உயிருக்கும் ஆபத்து. 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமாவில் கட்டுமானத் தளத்தில் கிடைத்த 100 கிலோ போர்க்கால வெடிகுண்டை, 4,000க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றிய பிறகே வெடிக்கச் செய்தார்கள். இயற்கைக் காப்பகங்களிலிருந்து எதையும் எடுத்து வருவது சட்டப்படியும் குற்றம்.

மரபணுச் சோதனை பற்றிப் பலர் கேட்கிறார்கள். எரியூட்டிய சாம்பலில் அதற்கு வாய்ப்பில்லை. எலும்போ பல்லோ கிடைத்தால்தான் ஒப்பிட முடியும், ஒப்பிட உறவினர் மாதிரியும் வேண்டும். பேரன் என்பதால் மட்டும் நீங்கள் பொருத்தமானவர் ஆகிவிட மாட்டீர்கள். அப்பா வழியில் மகன், மகனின் மகன் என்று அறுபடாமல் வந்த ஆண் வேண்டும். அல்லது தாத்தாவோடு பிறந்த அக்கா, தங்கையின் மகள், அவள் மகள் என்று பெண்வழியில் வந்த பிள்ளைகள் வேண்டும். என்னைப்போல் மகள் வயிற்றுப் பேத்தி இரண்டிலும் சேர மாட்டாள். அதனால் தாத்தாவின் அக்கா, தங்கைகள் எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார்கள் என்பதை இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

திதி

மரணத் தேதியாகப் பலருக்கு 1942 பிப்ரவரி 15 என்று இருக்கும். அது சிங்கப்பூர் வீழ்ந்த நாள். அன்றுதான் உயிர் போனது என்று பொருளில்லை, அதற்குப் பிறகு தகவல் இல்லை என்பதாகவும் இருக்கலாம். ஆனால் அந்த நாளைத் திதியாக எடுத்துக்கொள்ள நான் தயங்கவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, சீனப் புத்தாண்டு, மாசி அமாவாசை. எங்கள் வீட்டில் மாசி அமாவாசையில் படைக்கிறோம். தேதியே இல்லாதவர்களுக்கு மகாளய அமாவாசை இருக்கிறது. உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரிக்கும் முறையும் உண்டு, உங்கள் குல வழக்கத்தைப் புரோகிதரிடம் கேளுங்கள். இஸ்லாமியக் குடும்பங்கள் யாசீன் ஓதுகிறார்கள். கிறிஸ்தவர்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். நவம்பர் 11க்கு நெருங்கிய ஞாயிறு காலையில் கிராஞ்சியில் நினைவஞ்சலி நடக்கும். அதில் நம்மவர்கள் வேட்டி சேலையோடு வந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எங்கள் ஆயா கடைசிவரை தாத்தாவுக்குப் படைக்க விடவில்லை. ‘வருவார்’ என்பார். அந்த மறுப்பை யாரும் குறை சொல்லாதீர்கள். படைக்க மனமில்லாத பெரியவர் வீட்டில் இருந்தால் காத்திருங்கள். பெயர் அதுவரை கல்லில் பத்திரமாக இருக்கும்.

பெயர் எங்குமே இல்லையென்றால், பிழையாக இருந்தால்

அன்றைய பேரரசுக்காக உயிர் கொடுத்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் முதல் உலகப் போரில் மட்டும் குறைந்தது 1,16,000 பேர் பெயரில்லாமலோ அடையாளமே இல்லாமலோ விடப்பட்டிருக்கலாம் என்று 2021இல் போர்க் கல்லறை ஆணையமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆகவே கேட்கக் கூச்சப்படாதீர்கள். இரண்டாம் உலகப் போருக்கு அவர்கள் வைத்திருக்கும் காலவரம்பு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. அதற்குள் படைப் பணியில் இருந்தபோது, நோயால் என்றாலும், இறந்தார் என்று காட்ட வேண்டும். பணியில் இருந்ததற்கு ஒரு சான்று, இறந்ததற்கு ஒரு சான்று. ரயில் பாதைத் தொழிலாளர்கள் இதில் வரமாட்டார்கள் என்பது நெஞ்சை அறுக்கிற உண்மை.

சான்றுக்கு எழுத வேண்டிய இடங்கள்: மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரில் உள்ள மெட்ராஸ் பொறியாளர் குழுமத்தின் ஆவண அலுவலகம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். ஊர்த் தாலுக்காவில் ஓய்வூதியம் வந்த குடும்பம் என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பட்டாள எண், பெயர் (தெரிந்த எல்லா எழுத்து வகைகளிலும்), அப்பா பெயர், கிராமம், பழைய தாலுக்கா, பழைய ஜில்லா, சேர்ந்த வருடம், கடைசிக் கடிதம் வந்த இடம். உங்களுக்கு அவர் என்ன உறவு என்பதைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ் நகலை இணையுங்கள். மூலத் தாள்களை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

கல்லில் எழுத்துப் பிழை, அப்பா பெயர்ப் பிழை இருந்தாலும் ஆணையத்துக்கு இதே சான்றுகளோடு எழுதலாம். கல்லை உடனே மாற்ற மாட்டார்கள், இணையப் பதிவைத் திருத்துவது சுலபம். பதில் வர மாதக் கணக்கில் ஆகும். அவர்கள் கொடுக்கும் கோப்பு எண்ணைக் குடும்பத்தில் இளையவர் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள், நினைவூட்டுக் கடிதங்களை அவர் பெயரிலேயே எழுதச் சொல்லுங்கள்.